பனிச்சறுக்கு கற்க எங்கே போகலாம்: குல்மார்க், ஔலி, சோலாங்?

மாட்டுப்பெட்டிக்காரன் | 14 அக்டோபர் 2023

எல்லோருக்கும் வணக்கம். மூணாறிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நான்கு பேர். இருவர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள், ஒருவர் உடுமலை பஸ்ஸில் நடத்துநர், ஒருவர் மறையூரில் வெல்ல வியாபாரம். இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் இருக்கிறது. வரும் பிப்ரவரியில் பத்து நாள் ஒதுக்கிப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை. கற்றுக்கொள்ள என்ற சொல்லை அழுத்திப் படிக்கவும்.

காரணம் உண்டு. போன ஜனவரியில் ஒரு பயண ஏற்பாட்டாளரை நம்பி மணாலி போனோம். விளம்பரத்தில் பனிச்சறுக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சோலாங்கில் ஒரு பையன் என் காலில் இரண்டு கட்டைகளை மாட்டி, இடுப்பைப் பிடித்து இருபதடி தள்ளினான். இன்னொருவன் படம் எடுத்தான். அவ்வளவுதான். கோட்டுக்கு வாடகை, கம்பூட்டுக்கு வாடகை, படத்துக்குத் தனிக் காசு. வீட்டில் படத்தைப் பார்த்த அம்மா, "அந்தப் பையன் ஏன் உன்னைக் கொழுந்து மூட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறான்?" என்று கேட்டார். அந்த அவமானத்தைத் துடைக்கவே இந்தக் கேள்வி. இமயமலையில் எந்த இடம் நல்லது?

பாலக்காட்டுக் கணவாய் | 14 அக்டோபர் 2023

குல்மார்க். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு முறை போயிருக்கிறேன். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க் வரை சாதாரண வண்டி, அதற்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி. ஊரே ஒரு பெரிய கிண்ணம்போல இருக்கும். அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவடக் கூண்டு இரண்டு கட்டமாக ஏறுகிறது: கோங்டோரி வரையிலான முதல் கட்டம் 1998இல் வந்தது, அபர்வட் மலைத் தோள் வரையிலான இரண்டாம் கட்டம் 2005இல். மேலே இறங்கும்போது கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் நிற்பீர்கள்.

பனியின் தரத்தை எப்படிச் சொல்வது? புட்டுக்கு மாவு நனைக்கும்போது ஒரு பதம் பார்ப்போம் அல்லவா, பிடித்தால் பிடிபட வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். குல்மார்க் பனி அந்தப் பதத்துக்கும் முந்தையது. பிடித்தாலும் பிடிபடாது, உலர்ந்த மாவு. அதற்காகத்தான் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையை வாசலில் வைத்திருப்பவன்கூட இங்கே வருகிறான்.

ஒரு முன்னெச்சரிக்கை: நம் ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும். முதல் முறை மூன்று நாள் வீட்டுக்குப் பேசாமல் இருந்து, திரும்பி வந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

பீர்மேடு டீச்சர் | 15 அக்டோபர் 2023

கணவாய் தம்பி சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. அவர்கள் கேட்பது கற்றுக்கொள்ள. உலர்ந்த மாவில் கால் வைத்தவுடன் முட்டி வரை புதையும் இடத்தில் புதிதாக வருகிறவர் என்ன கற்பார்?

நான் ஔலிக்குச் சொல்கிறேன். 2019இல் 14 நாள் பயிற்சிக்குப் போனேன், அப்போது எனக்கு வயது 41. உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்துவது. 7 நாள் வகுப்பும் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, கட்டை, பூட்ஸ், ஆசிரியர் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். காலையில் வரிசையில் நிற்க வைப்பார்கள், பெயர் கூப்பிடுவார்கள், விழுந்தால் திட்டுவார்கள். பள்ளிக்கூடம்போலவே இருந்தது. எனக்கு அது பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை.

சரிவுகள் 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை. கீழ்ப்பகுதி சாய்வு குறைந்த புல்வெளி. எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி. விழுந்து கிடக்கும்போது பார்க்க அதைவிட நல்ல காட்சி கிடைக்காது, நான் நிறையப் பார்த்தேன். 2011இல் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி டேராடூனிலும் ஔலியிலும் நடந்தது. அதற்காகச் செயற்கைப் பனி தூவும் எந்திரங்கள் வாங்கி, தண்ணீருக்கு மேலே ஒரு ஏரியும் வெட்டினார்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு ஒட்டுறவு. ஔலிக்கு அடிவாரம் ஜோஷிமட். நம் கேரளத்துக் காலடி ஊரில் பிறந்த ஆதிசங்கரர் மடம் நிறுவிய ஊர். பனிக்காலத்தில் பத்ரிநாத் வழிபாடு அங்குள்ள நரசிம்மர் கோயிலுக்கு வந்துவிடும். பத்ரிநாத் தலைமைப் பூசாரியான ராவல் கேரளத்து நம்பூதிரி. கடைத்தெருவில் கேரளம் என்று சொன்னதும் டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

மாட்டுப்பெட்டிக்காரன் | 15 அக்டோபர் 2023

டீச்சர், உங்கள் பதிவை நால்வரும் ஒரே செல்போனில் தலை முட்டிக்கொண்டு படித்தோம். ஒரு சந்தேகம். ஜோஷிமட்டில் நிலம் இறங்கியது இந்த ஜனவரியில்தானே? போவது சரியா?

பீர்மேடு டீச்சர் | 15 அக்டோபர் 2023

அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தவறுதான். 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டது. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு மேலேறும் 4 கிலோமீட்டர் ரோப்வேயும் அப்போதுதான் நிறுத்தப்பட்டது, இன்னும் ஓடவில்லை. மலைச் சாலையில் ஜீப்பில் போகலாம்.

சரியா என்ற கேள்விக்கு என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயம் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்த மறுவாரம், மூணாறில் அறை கிடைக்குமா என்று கேட்டவர்கள் மீது எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வருடம் யாருமே வரவில்லையே என்று அதே மூணாறு கடைக்காரர்கள் புலம்பியதும் என் காதில் விழுந்தது. ஜோஷிமட்டில் என்னோடு படித்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். "மேலே வாருங்கள், ஊருக்குள் பெரிய ஹோட்டல் கட்டச் சொல்லாதீர்கள்" என்றாள். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

வட்டவடைப் பூண்டு | 16 அக்டோபர் 2023

உயரக் கணக்கைப் பார்த்து ஒரு விஷயம் உறைத்தது. ஆனமுடி 2,695 மீட்டர். குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர், சோலாங் அதற்கும் கீழே. நம் ஆனமுடி உச்சியில் நின்றால் குல்மார்க் கடைத்தெருவை எட்டிப் பார்க்கும் உயரம்! அப்படியிருந்தும் நமக்கு ஏன் ஒரு பிடி பனிகூட விழுவதில்லை?

நானே தேடிப் படித்ததைச் சொல்கிறேன். நாம் நிலநடுக்கோட்டுக்கு 10 டிகிரி வடக்கே இருக்கிறோம், குல்மார்க் 34 டிகிரி. அது பாதிக் காரணம். மீதிக் காரணம் ஈரம். நமக்கு மழை கொட்டுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, அப்போது குளிர் போதாது. குளிர் வரும் ஜனவரியில் வானம் துடைத்து வைத்ததுபோல இருக்கும், விழுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் தரையிலேயே ஈரம் உறைந்து புல்மேல் வெள்ளை பூக்கிறது. அவர்களுக்கோ மத்தியதரைக் கடல் பக்கமிருந்து புறப்படும் மேகக் கூட்டம் நடுக் குளிர்காலத்தில் வந்து சேர்கிறது. அதன் பெயர் மேற்கத்திய இடையூறு. நமக்கு இடையூறு என்றால் வேறு, அவர்களுக்கு அதுதான் சோறு.

தமிழில் இதற்கெல்லாம் ஒரே சொல் பனி. மார்கழியில் கோலத்தின்மேல் இறங்குவதும் பனி, லெட்சுமி எஸ்டேட்டில் கொழுந்தைக் கருக்குவதும் பனி, குல்மார்க்கில் ஆறடி குவிவதும் பனி. மலையாளத்தில் மஞ்ஞு என்று சொல்லி அவர்களும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். போன வருடம் காய்கறி எடுக்க வந்த ஒருவர் "இங்கே பனி விழுகிறதாமே, சறுக்கலாமா?" என்று கேட்டார். பூண்டு வயலில் சறுக்கினால் நான் விடமாட்டேன் என்றேன்.

துபாய்ச் சித்தூர் | 16 அக்டோபர் 2023

நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. எனக்குச் சித்தூர்ப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, பதினோரு வருடமாகத் துபாய். பனிச்சறுக்கு கற்றது இங்கே, ஒரு வணிக வளாகத்துக்குள். 2005இல் திறந்த இடம். வெளியே 45 டிகிரி வெயில், உள்ளே உறைநிலைக்குக் கீழே. 400 மீட்டர் நீளச் சரிவு. வருடம் முழுக்க ஒரே மாதிரிப் பனி, காற்று இல்லை, மேகமூட்டம் இல்லை. மணிக்கணக்கில் வகுப்பு. அடிப்படையை இப்படிக் கற்றுவிட்டு மலைக்குப் போனால் பத்து நாளும் வீணாகாது.

பாலக்காட்டுக் கணவாய் | 16 அக்டோபர் 2023

சிரிக்கவில்லை. ஆனால் குளிர்பதனப் பெட்டிக்குள் நீச்சல் கற்பது மாதிரி இருக்கிறது. மூணாற்றுக்காரர் துபாய்க்கு விசா எடுத்துப் போய்ப் பனி பார்ப்பதா?

டீச்சருக்கு ஒரு பதில். குல்மார்க் என்றால் எல்லோரும் 4,000 மீட்டருக்கு ஏறிக் குதிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊர்க் கிண்ணத்திலேயே சாய்வு குறைந்த மேடுகள் உண்டு, சிறு இழுவைக் கம்பிகள் உண்டு. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் 1927இல் பனிச்சறுக்குக் கழகம் தொடங்கிய ஊர் அது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துப் பையன். அவருடைய அப்பா குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத ஊரா அது?

பீர்மேடு டீச்சர் | 17 அக்டோபர் 2023

ஊர்க் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வேன் என்று நால்வரும் சத்தியம் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டாம் கட்ட கோண்டோலா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் நிறுத்துகிறார்கள்? இந்த வருடம் பிப்ரவரி 1 அன்று அபர்வட்டில் பனிச்சரிவில் இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். கட்டையில் ஏறிப் பழகியவர்களுக்கே அந்தக் கதி. மேலே சீர்செய்த பாதை கிடையாது, மலை எப்படி இருக்கிறதோ அப்படியே. தினமும் காலையில் அங்குள்ள பனிக் காவல் குழு அபாய அளவை எழுதி வைக்கும், அதைப் படிக்காமல் ஒரு அடியும் ஏறக் கூடாது. தவிர, கடல் மட்டத்திலிருந்து வந்த ஆளைச் சிறிது நேரத்தில் 4,000 மீட்டரில் இறக்கினால் தலை சுற்றும், வாந்தி வரும். மூணாற்றுக்காரர் 1,500 மீட்டரில் வாழ்கிறார் என்பது கொஞ்சம் உதவும், கொஞ்சம்தான்.

குமுளிச் சந்தை | 17 அக்டோபர் 2023

சிம்லா பக்கத்து நார்கண்டா, குஃப்ரி இரண்டும் போனேன். குஃப்ரியில் குதிரைச் சாணத்துக்கு நடுவே பனி இருந்தது. நார்கண்டா அமைதியான ஊர், ஆப்பிள் தோட்டம் அழகு, சரிவு சின்னது. கற்க ஒரு நாள் போதும், மறக்க அரை நாள் போதும்.

ஆனால் மணாலியை அப்படித் தள்ளிவிடாதீர்கள். சோலாங்கில் சாலையோரம் கட்டை மாட்டிவிடுகிறவர்கள் வேறு, மணாலியிலுள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனம் வேறு. நிறுவனத்தில் முறையான பனிச்சறுக்கு வகுப்பு உண்டு. 2018இல் துருக்கியில் வெண்கலம் வென்று, பன்னாட்டுப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் கொண்டுவந்த ஆஞ்சல் தாக்கூர் மணாலிப் பெண். ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் ஓடிய சிவ கேசவன் வளர்ந்ததும் அங்கேதான், அவருடைய அப்பா தலச்சேரிக்காரர். அவருடையது பனிச்சறுக்கு இல்லை, லூஜ், மல்லாந்து படுத்து விரையும் வண்டி. பனிப் பாதை இல்லாத நாட்டில் மலைச் சாலையில் சக்கரம் வைத்த வண்டியில் பயிற்சி எடுத்தார், எதிரே லாரி வரும். நம் நடத்துநர் நண்பருக்கு அது புரியும்.

2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு கூட்டம் பாதி அந்தப் பக்கம் சிஸ்ஸுவுக்குப் போய்விடுகிறது. 9 கிலோமீட்டர் சுரங்கம், இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெள்ளை.

மாட்டுப்பெட்டிக்காரன் | 20 அக்டோபர் 2023

சீட்டு எழுதிப் போட்டோம். இருவர் ஔலி, இருவர் குல்மார்க். பிறகு நடத்துநர், "எனக்குத் திட்டுகிற ஆசிரியர்தான் வேண்டும், இல்லாவிட்டால் கற்கமாட்டேன்" என்று கட்சி மாறினார். ஔலி. பிப்ரவரி நடுவில் 7 நாள் வகுப்பு. கொச்சுவேளி ரிஷிகேஷ் ரயிலுக்கு எர்ணாகுளத்திலிருந்து டிக்கெட் போட்டாயிற்று.

பாலக்காட்டுக் கணவாய் | 13 ஜனவரி 2024

இந்த இழையை மேலே இழுக்கிறேன். பேப்பரில் குல்மார்க் படம் பார்த்தீர்களா? ஜனவரி நடுவில் காய்ந்த புல். காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக் கடுங்குளிர்க் காலமாக எண்ணுவார்கள். சபரிமலையில் நம் மண்டலம் முடியப்போகும் வேளையில் அவர்களுடைய மண்டலம் தொடங்கும். இந்த வருடம் அந்த மண்டலத்தில் பாதி கழிந்தும் பனி இல்லை. என் பெருமையெல்லாம் காற்றில் போயிற்று. ஔலியில் நிலைமை எப்படி?

பீர்மேடு டீச்சர் | 13 ஜனவரி 2024

அங்கேயும் தரை தெரிகிறதாம். செயற்கைப் பனி எந்திரத்தை நம்பாதீர்கள், அதற்கும் குளிர் வேண்டும், தண்ணீர் வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்யவும் வேண்டாம். பிப்ரவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்கு ஓடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: ஜனவரிக் கடைசிக்கு முன் கிளம்பாதே.

மாட்டுப்பெட்டிக்காரன் | 2 பிப்ரவரி 2024

விழுந்துவிட்டது! ஜோஷிமட் டீக்கடைக்காரர் வீடியோ அனுப்பினார். டீச்சர், நீங்கள் கொடுத்த எண்தான். கூரை தெரியவில்லை.

மாட்டுப்பெட்டிக்காரன் | 27 பிப்ரவரி 2024

திரும்பிவிட்டோம். எலும்பு ஏதும் முறியவில்லை. கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் கட்டையைத் தொடவே விடவில்லை. பூட்ஸ் மட்டும். மாவுக்கட்டுப் போட்ட கால்போல இருக்கும், கணுக்கால் மடங்காது, வாத்து நடை. அதிலேயே பனியில் ஏறி இறங்கச் சொன்னார் ஆசிரியர். இரண்டாம் நாள் கட்டை. முதலில் பக்கவாட்டில் ஏறப் பழக்கினார்: கட்டையின் மேல்விளிம்பைச் சரிவில் கடிக்க வைத்து, நண்டுபோல ஒவ்வோர் அடியாக. இதில் நானும் என் லயத்து நண்பனும் வகுப்பிலேயே முதல். டெல்லிப் பையன்கள் வழுக்கி வழுக்கி விழ, நாங்கள் மேலே போய் உட்கார்ந்துவிட்டோம். கொழுந்து பறிக்கும் சரிவில் அம்மாவோடு ஏறி இறங்கிய கால் அல்லவா. ஆசிரியரே, எந்த ஊர் என்று கேட்டார்.

அந்தப் பெருமை மூன்றாம் நாள் காலை வரைதான். கட்டைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, மெதுவாக இறங்க வேண்டும். வேகம் கூடினால் பின்பக்கத்தை இன்னும் விரிக்க வேண்டும். சொல்வது சுலபம். சரிவில் வளர்ந்தவனுக்குப் பயம் வந்தால் உடம்பு தானாக மலைப்பக்கம் சாயும், கொழுந்துக் கூடையோடு நிற்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். இங்கே அப்படிச் சாய்ந்தால் கட்டை முன்னே ஓடிவிடும், ஆள் பின்னே கிடப்பான். பள்ளத்தைப் பார்த்துச் சாய வேண்டும், கணைக்கால் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்த வேண்டும். முப்பது வருடம் கற்றதை மறக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நடத்துநர்? மறையூர் வளைவுகளில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்கிறவர் அவர். வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறதோ அந்தப் பக்கம் உடம்பை முன்கூட்டியே கொடுத்துப் பழகியவர். மூன்றாம் நாள் மதியமே திரும்ப ஆரம்பித்துவிட்டார். ஆசிரியர் எங்களைத் திட்டினார், அவரைத் திட்டவே இல்லை. அவருக்குத்தான் திட்டு வேண்டியிருந்தது.

பனி பற்றி: காலையில் கணவாய் அண்ணன் சொன்ன உலர்மாவுக்குக் கொஞ்சம் பக்கத்தில். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் ஏறினால் கொழுக்கட்டை பிடிக்கலாம், கட்டை ஒட்டும். அதனால் காலை வகுப்பைத் தவறவிடாதீர்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வெல்ல வியாபாரி ஒரு மணி நேரம் கழற்றி வைத்துவிட்டு, இரவு முழுக்கக் கண்ணில் மணல் விழுந்ததுபோலத் துடித்தார்.

ரோப்வே இப்போதும் நிற்கிறது. ஜீப்பில் போகும் வழியில் விரிசல் விட்ட வீடுகளில் சிவப்புக் குறி போட்டிருப்பதைப் பார்த்தோம். அதன்பிறகு மேலே போய்ச் சேரும்வரை ஜீப்பில் யாரும் பேசவில்லை.

பாலக்காட்டுக் கணவாய் | 27 பிப்ரவரி 2024

படித்துவிட்டு மனைவியிடம் சத்தமாக வாசித்தும் காட்டினேன். 22ஆம் தேதி குல்மார்க்கில் பனிச்சரிவு, ஒரு ரஷ்யர் இறந்திருக்கிறார். டீச்சர் அன்று சொன்னதை மறுபடி படித்தேன். நான் அடுத்த வருடமும் குல்மார்க்தான் போவேன், ஆனால் முதல் கட்டத்தோடு.

துபாய்ச் சித்தூர் | 28 பிப்ரவரி 2024

நடத்துநர் அண்ணனுக்குத் துபாயில் தங்க இடம் உண்டு என்று சொல்லவும். 400 மீட்டர்தான், ஆனால் திட்டுவதற்கு நான் ஆள் பிடித்துத் தருகிறேன்.

குமுளிச் சந்தை | 28 பிப்ரவரி 2024

அம்மா படம் பார்த்தாரா?

மாட்டுப்பெட்டிக்காரன் | 28 பிப்ரவரி 2024

பார்த்தார். இந்த முறை இடுப்பை யாரும் பிடித்திருக்கவில்லை. "காலை ஏன் இப்படி அகட்டி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

வட்டவடைப் பூண்டு | 29 பிப்ரவரி 2024

அடுத்த பிப்ரவரிக்கு நானும் வருகிறேன். எனக்குக் கால் அளவு 11. அந்த அளவில் அங்கே பூட்ஸ் கிடைக்குமா?

மாட்டுப்பெட்டிக்காரன் | 29 பிப்ரவரி 2024

வெல்ல வியாபாரிக்கு 10 கிடைத்தது. 11 பற்றி முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள் அண்ணா. தடித்த காலுறை ஒன்று போதும், இரண்டு போட்டால் விரல் மரத்துப்போகும்.